உஷார்! நாலாவது தடவை பூட்டை இழுக்காதீர்கள்

வீட்டைப் பூட்டிவிட்டு, பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பது நம்மூர் வழக்கம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்தால்கூட, சரி, ஊரில் திருட்டுப் பயம் இருக்கிறது, விடுங்கள். ஆனால் மூன்றாவது, நாலாவது, எட்டாவது தடவை இழுக்கிறவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? அல்லது அது நீங்களேதானா? அப்படியென்றால் இதை எடுத்து வைத்து நாளைக்குப் படிக்காதீர்கள், இப்போதே படித்துவிடுங்கள். "ஞாபகம் மட்டுப்பட்டுப் போச்சு, அதனாலதான் திரும்பத் திரும்பப் பாக்க வேண்டியிருக்கு" என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பது அநேகமாகத் தலைகீழ். பார்க்கப் பார்க்கத்தான் ஞாபகத்தின் மேல் இருக்கிற நம்பிக்கை கரைகிறது. இது யாரோ சாமியார் சொன்னதல்ல. சோதனை வைத்து, அடுப்பு வைத்து, ஆள் வைத்துப் பார்த்துச் சொன்னது.

நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். தோவாளையில் கல்யாணம், ஒன்பது மணிக்கு முகூர்த்தம். ஆட்டோ வந்து வாசலில் நிற்கிறது. வீட்டம்மா பட்டுச்சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாயிற்று. ஐயா அடுக்களைக்குள் போய் கேஸ் அடுப்பைப் பார்க்கிறார். இரண்டு நாபும் மூடித்தான் இருக்கின்றன. சிலிண்டரில் ரெகுலேட்டரைப் பார்க்கிறார், அதுவும் மூடியிருக்கிறது. புறவாசல் கொண்டி போட்டிருக்கிறது. முன்கதவைப் பூட்டி, பூட்டைக் கையில் பிடித்து மூன்று இழுப்பு இழுக்கிறார். ஆட்டோவில் ஒரு காலை வைத்தவர் அப்படியே நிற்கிறார்.

"அடுப்பை அணைச்சேனா பிள்ளே?"

"அணைச்சீங்க. நான் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்தான். ஏறுங்க, நேரமாவுது."

ஏறுகிறார். ஒழுகினசேரி பாலம் தாண்டும்போது, "தம்பி, ஒரு நிமிசம் வண்டியைத் திருப்பு" என்கிறார். திரும்பி வந்து, பூட்டைத் திறந்து, மறுபடி அடுக்களை. இந்த இடத்தில் அவர் கையைக் கவனிக்க வேண்டும். நாப் ஏற்கெனவே மூடியிருக்கிறது; ஆனாலும் அதை இன்னும் மூடுகிறவர்போல விரலால் அழுத்துகிறார். அழுத்துகிற அழுத்தில் கட்டைவிரல் நகம் வெளுக்கிறது. உதடு 'மூடியிருக்கு, மூடியிருக்கு' என்று முணுமுணுக்கிறது. கண் நாபின் மேலேயேதான் நிற்கிறது, ஆனால் மனசுக்குள் ஓடுவது வீடு தீப்பிடித்து எரிகிற காட்சி. தோவாளைக்குப் போய்ச் சேரும்போது தாலி கட்டி, பந்தி இரண்டாவது வரிசை உட்கார்ந்திருக்கும். அங்கே இலைக்கு முன்னால் உட்கார்ந்து இவர் யோசிப்பது: கடைசியாக அழுத்தினேனே, அது இடது நாபா, வலது நாபா?

ஐந்து தடவை பார்த்தவருக்கு, ஒரே தடவை பார்த்த வீட்டம்மாவை விட நிச்சயம் கூடுதலாக இருக்க வேண்டாமா? குறைவாக இருக்கிறதே, ஏன்? உஷாராக வேண்டியது இந்த இடத்தில்தான்.

இந்தத் தொந்தரவுக்கு வைத்தியத்தில் பெயர் ஓ.சி.டி. வேண்டாத ஒரு எண்ணம் மண்டைக்குள் ஆணி அடித்த மாதிரி நின்றுகொண்டு குடைவதும், அந்தக் குடைச்சல் அடங்க ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வதும். கை கழுவிக்கொண்டே இருப்பது எல்லோருக்கும் தெரிந்த வகை. பூட்டு, அடுப்பு, சுவிட்ச், குழாய் என்று சரிபார்த்துக்கொண்டே இருப்பது இன்னொரு பரவலான வகை. இந்தச் 'சரிபார்ப்பு'க்காரர்களைப் பற்றி ஆராய்ச்சியாளர்களும் ஒரு காலத்தில் அந்த ஆட்டோக்காரத் தம்பி நினைப்பது போலத்தான் நினைத்தார்கள்: பாவம், மறதி. 1983-ல் அமெரிக்காவில் கென்னத் ஷெரும் கூட்டாளிகளும் இப்படிச் சரிபார்க்கிறவர்களுக்கு ஞாபகத்தில் குறை இருக்கிறதோ என்று ஒரு கட்டுரையே எழுதினார்கள். அதற்குப் பிறகு ஏகப்பட்ட சோதனைகள். ஒன்றில் குறை தெரிந்தது, அடுத்ததில் தெரியவில்லை. ஆனால் பல சோதனைகளில் விடாமல் தலைகாட்டியது வேறு ஒரு விஷயம். இவர்கள் சரியான விடையைத்தான் சொல்கிறார்கள், ஆனால் சொன்ன விடையைத் தாங்களே நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

2003-ல் நெதர்லாந்து நாட்டு உளவியல்காரர்கள் மார்செல் வான் டென் ஹவுட், மெரெல் கிண்ட் இருவரும் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். நம்பிக்கை இல்லாததால் சரிபார்க்கிறார்களா, சரிபார்ப்பதால் நம்பிக்கை போகிறதா? இதற்கு நோயாளி யாரையும் அவர்கள் கூப்பிடவில்லை. நல்ல மனநலத்தோடு இருக்கிற மாணவர்களைப் பிடித்தார்கள். கம்ப்யூட்டர் திரையில் ஆறு பர்னர் உள்ள ஒரு கேஸ் அடுப்பு. சில நாப்களைத் திறக்க வேண்டும், மூட வேண்டும், மூடியதைச் சரிபார்க்க வேண்டும். ஒரு கூட்டம் இதையே இருபது தடவை செய்தது. இன்னொரு கூட்டம் நடுவில் அடுப்பை விட்டுவிட்டு பல்புகளை அணைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தது, முடிவில் மட்டும் அடுப்புக்கு வந்தது. பிறகு இரண்டு கூட்டத்திடமும் ஒரே கேள்வி: கடைசித் தடவை எந்தெந்த நாபைச் சரிபார்த்தீர்கள்?

இரண்டு கூட்டமும் ஏறத்தாழ ஒரே அளவுக்குச் சரியாகச் சொல்லிவிட்டது. அதாவது ஞாபகம் எங்கும் போகவில்லை. ஆனால் அடுப்பையே திரும்பத் திரும்பப் பார்த்த கூட்டத்துக்கு அந்த ஞாபகம் மங்கலாக இருந்தது, விவரம் குறைந்திருந்தது, 'நான் சொன்னது சரிதான்' என்கிற தைரியம் போயிருந்தது. கண்ணுக்குள் காட்சியாக நிற்கவில்லை, 'மூடியிருப்பேன், அப்படித்தான் இருக்கும்' என்று யூகம் மாதிரி ஆகிவிட்டது. காலையில் எந்தக் கோளாறும் இல்லாமல் வந்த பிள்ளைகளுக்கு, இருபது தடவை அடுப்பைப் பார்க்க வைத்ததிலேயே, நம் வடசேரி ஐயாவின் சந்தேகத்தில் ஒரு சிட்டிகை உண்டாகிவிட்டது. இதைவிட என்ன எச்சரிக்கை வேண்டும்?

திரையில் இருப்பது பொம்மை அடுப்புதானே, அதில் பயம் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். கேட்டார்கள். 2006-ல் கனடாவில், மான்ட்ரியால் நகரத்து கான்கார்டியா பல்கலைக்கழகத்தில் ஆடம் ராடம்ஸ்கி குழுவினர் நிஜமான சமையலறையில் நிஜமான அடுப்பை வைத்தே செய்து பார்த்தார்கள். ஒரு கூட்டத்துக்கு அடுப்பு, இன்னொரு கூட்டத்துக்குத் தண்ணீர்க் குழாய். அடுப்பையே விடாமல் சரிபார்த்தவர்களுக்கு மறுபடியும் அதே கதி. அதே வருஷம் வந்த இன்னொரு ஆய்வு எத்தனையாவது தடவையில் இந்தச் சரிவு தொடங்குகிறது என்று தேடியது. இருபது வரை காத்திருக்க வேண்டாம், இரண்டாவது தடவைக்கும் பத்தாவது தடவைக்கும் நடுவிலேயே நம்பிக்கை இறங்கத் தொடங்கிவிடுகிறது என்று தெரிந்தது. தலைப்பில் நாலாவது தடவை என்று எழுதியது அதை மனதில் வைத்துத்தான். நாலு என்பது என் கணக்கு, வைத்தியக் கணக்கு இல்லை; ஆனால் நாலுக்குப் போகிறவர் எட்டுக்குப் போக அதிக நாள் ஆகாது.

உள்ளே என்ன நடக்கிறது? நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்கு தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவரைக் கேளுங்கள், இன்றைக்கு வில்லுக்குறியில் யார் ஏறினார்கள் என்று. முழிப்பார். நேற்றைய வில்லுக்குறி, முந்தாநாள் வில்லுக்குறி எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கிறது. அதில் இன்றையதை மட்டும் பிரித்தெடுக்க முடியாது. ஆனால் அவர் கவலைப்படுவதில்லை, ஏனென்றால் அதனால் அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அடுப்பைப் பார்ப்பதும் இப்படித்தான். முதல் தடவை பார்க்கும்போது நாபின் நிறம், அதன் மேல் ஒட்டியிருக்கிற மாவு, பக்கத்தில் கவிழ்த்துவைத்த தோசைக்கல் எல்லாம் மனசில் விழும். ஐந்தாவது தடவை மனசு அதையெல்லாம் எடுத்துக்கொள்ளாது. தெரிந்த காரியம்தானே என்று மேலோட்டமாக 'மூடியிருக்கு' என்கிற தீர்ப்பை மட்டும் எழுதிக்கொள்ளும். பிற்பாடு அதை நினைவுக்குக் கொண்டுவந்தால் படம் வராது, தீர்ப்பு மட்டும் வரும். படம் இல்லாத தீர்ப்பை யார் நம்புவார்கள்? அதனால் மறுபடி ஓடுகிறார். மறுபடி இன்னும் மங்குகிறது. தாகத்துக்குக் கடல்தண்ணியை அள்ளிக் குடிக்கிற கதை.

இன்னும் ஒன்று. 'நல்லா உத்துப் பாத்தா மனசுல நிக்கும்' என்று சிலர் நாபையே முறைத்துக்கொண்டு நிற்பார்கள். அதையும் அந்த நெதர்லாந்துக்காரர்கள் விடவில்லை. கேஸ் அடுப்பை நீண்ட நேரம் உற்றுப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தவர்களுக்கு, கண்முன்னால் இருப்பதையே சரியாகப் பார்க்கிறோமா என்று சந்தேகம் வந்தது. ஞாபகத்தோடு நிற்காமல் கண்ணையும் நம்ப முடியாமல் போகிறது. ஆகவே 'கவனமாப் பாரு' என்கிற உபதேசம் இவர்களுக்கு மருந்தில்லை.

கனடாவில் இருந்த ஸ்டான்லி ராக்மன் என்கிற பெரிய உளவியல் மேதை 2002-லேயே இந்தச் சுழலை விளக்கி எழுதியிருந்தார். ஏதாவது நடந்தால் பொறுப்பு நம் தலையில் என்ற எண்ணம், நடக்கும் என்ற பயம், நடந்தால் அது பெருங்கேடு என்ற மதிப்பீடு, இந்த மூன்றும் கூடக் கூட சரிபார்ப்பு கூடும். சரிபார்க்கச் சரிபார்க்க பொறுப்பும் கூடிக்கொண்டே போகும். அதை நான் சுற்றிலும் பார்த்திருக்கிறேன். வீட்டில் எட்டுப் பேர் இருந்தாலும் பூட்டு விஷயத்தில் பொறுப்பு ஒரே ஆளுக்குத்தான். மற்ற ஏழு பேரும் பூட்டினால் அவருக்குப் பூட்டினதாகவே ஆகாது.

நம் குமரி மாவட்டத்தில் இந்தச் சுழலுக்கு எண்ணெய் ஊற்ற ஆள் நிறைய. முதலில் ஃபோன். பிள்ளைகள் துபாயிலோ குவைத்திலோ. அம்மா குலசேகரத்திலோ கருங்கல்லிலோ தனியாக. ராத்திரி வீடியோ கால் வந்தால், "எம்மா, கேஸை ஆஃப் பண்ணியாச்சா? காட்டு பாப்போம்." அம்மா ஃபோனைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய்க் காட்டுகிறாள். பாசம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தினமும் காட்டச் சொன்னால் இரண்டு பேருக்கும் அது பழகும். ஒரு நாள் நெட் கிடைக்காவிட்டால் அங்கே மகளுக்குத் தூக்கம் வராது. இங்கே அம்மா, நாம் மூடியிருக்க மாட்டோமோ என்று நினைக்கத் தொடங்குவாள். எந்தக் குறையும் இல்லாமல் நாற்பது வருஷம் அடுப்படியில் நின்றவளுக்கு இப்படி ஒரு சந்தேகத்தை நாமே ஏன் கையில் கொடுக்க வேண்டும்?

அடுத்தது, பூட்டின பூட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிற யோசனை. கேட்டால் புத்திசாலித்தனமாகத்தான் இருக்கும். முதல் நாள் ஒரு படம். பிறகு பூட்டுக்கு ஒன்று, நாபுக்கு ஒன்று, மெயின் சுவிட்சுக்கு ஒன்று. அப்புறம், இது இன்றைக்கு எடுத்த படமா, நேற்றையதா? தேதியைப் பார். எடுத்த பிறகு கை பட்டிருக்குமோ? இப்போது சரிபார்க்க அடுப்பு மட்டும் இல்லை, அடுப்பின் படமும் இருக்கிறது. சுவரில் மாட்டின கேமராவும் இதே கதைதான். திருடனைப் பிடிக்க மாட்டினதை, ஆபீஸில் உட்கார்ந்து அரைமணிக்கொரு தரம் திறந்து தன் வீட்டுக் கதவையே பார்க்கிறவர்கள் உண்டு.

ரோட்டுக்கு வந்தால் இது விளையாட்டே இல்லை. பைக்கில் போகிறவருக்கு ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போடும். உடனே, யார் மேலாவது ஏற்றிவிட்டோமா? திரும்பிப் போய்ப் பார்க்கிறார். ரோட்டில் யாரும் இல்லை. கொஞ்ச தூரம் வந்தால் மறுபடி. ஓ.சி.டி.யில் இதுவும் அறிந்த வகைதான். பார்வதிபுரம் பாலத்திலும் மார்த்தாண்டம் நெருக்கடியிலும், வளைவும் திருப்பமுமாக இருக்கிற நம்மூர் ரோட்டிலும் ஒருவர் சட்டென்று வண்டியைத் திருப்பினால், இல்லாத விபத்தைத் தேடிப் போய் இருக்கிற விபத்தை இழுத்துக்கொள்வார். இப்படி இரண்டு தடவைக்கு மேல் திரும்பிப் பார்க்கிறவர் வீட்டில் இருந்தால், சிகிச்சை தொடங்கும்வரை பின்சீட்டில் உட்காரச் சொல்லுங்கள்.

அடுப்பிலும் அபாயம் இருக்கிறது. மூடியிருக்கிற நாபைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போனால் பிரச்சினை இல்லை. ஆனால் பலர் அதைத் திறந்து, மூடி, திறந்து, மூடித்தான் 'சரிபார்க்கிறார்கள்'. பதற்றத்தில் கை எந்தப் பக்கம் நின்றது என்பது யாருக்குத் தெரியும்? பயப்பட வேண்டிய அளவுக்குப் பயப்படுவது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். சமையல் கேஸுக்கு இயல்பில் வாசனை கிடையாது; கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அந்த நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். அது காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். ராத்திரி படுக்கும் முன் ரெகுலேட்டரை ஒரு தடவை மூடினால் போதும். நாற்றம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்கு ஃபோன் செய்ய வேண்டும். இவ்வளவுதான் ஜாக்கிரதை. இதற்கு மேல் செய்வதெல்லாம் ஜாக்கிரதைக் கணக்கில் வராது. தூத்தூர் மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கப் போகிறவர்கள்; டீசல், பேட்டரி, ஐஸ், வயர்லெஸ் எல்லாம் பார்த்துத்தான் கிளம்புவார்கள். பார்த்தாகிவிட்டால் கிளம்பிவிடுவார்கள். பார்ப்பதற்கு ஒரு முடிவு உண்டு.

எத்தனை பேருக்கு இது இருக்கும்? தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் சுமார் 0.8 சதவீதம் பேருக்கு ஓ.சி.டி. இருந்தது. 2011-ல் நம் மாவட்ட ஜனத்தொகை 18 லட்சத்து 70 ஆயிரம். குழந்தைகளைக் கழித்துவிட்டு அந்த விகிதத்தைப் போட்டால், தோராயமாகப் பத்தாயிரம் பேர். எல்லோரும் பூட்டு இழுக்கிறவர்கள் அல்ல, வகை வேறு வேறு. கேரளத்து எர்ணாகுளத்தில் 58 கல்லூரிகளில் 5,784 மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து எடுத்த ஆய்வு 2017-ல் வந்தது, அதில் 3.3 சதவீதம். இளவயதில்தான் இது பெரும்பாலும் தொடங்குகிறது என்பதோடு இது பொருந்திப் போகிறது. விடைத்தாளில் பதிவு எண்ணைப் பத்துத் தடவை பார்த்துவிட்டுக் கடைசிக் கேள்விக்கு நேரம் இல்லாமல் போன பிள்ளையை, 'ரொம்ப சின்சியர்' என்று வாத்தியார் மெச்சிக்கொண்டிருப்பார். பிள்ளை பெற்ற புதிதில் தாய்மாருக்கும் இது தலைகாட்டும். குழந்தை மூச்சு விடுகிறதா என்று ராத்திரி முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். அதையும் 'பாசம்' என்று ஒதுக்கிவிடுவோம்.

2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதல் இடம் என்று பெருமைப்பட்டுக்கொள்கிற மாவட்டம் இது. இருந்தும் இந்த நோயோடு முதலில் போகிற இடங்களைப் பாருங்கள். மருந்துக்கடையில் ஞாபகசக்தி மாத்திரை. வல்லாரை லேகியம். ஒன்றுக்கும் குணம் இல்லையென்றால் மந்திரவாதியிடம் மை போட்டுப் பார்ப்பது, செய்வினை எடுப்பது. அல்லது ஜெபக்கூட்டத்தில் தலையில் கை வைப்பது. சாமி கும்பிட வேண்டாம் என்று யார் சொன்னது? கும்பிடுங்கள். ஆனால் ஞாபகமே கெடாத ஒருவருக்கு ஞாபகத்துக்கு லேகியம் கொடுத்து என்ன ஆகப்போகிறது? அதைவிட மோசம், 'எனக்கு மறதி வியாதி' என்று அவர் முடிவுகட்டிக்கொள்வார். ஒவ்வொரு டப்பாவும் அந்தச் சந்தேகத்துக்கு ஒரு சாட்சி.

நிஜமான மறதி வியாதி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீரும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, வைத்த நினைப்பே இல்லாமல் வெளித்திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பாட்டாவைப் பற்றிப் பயப்பட வேண்டும். அவர் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை, அதுதான் பிரச்சினை. பழகின வழி தப்புவது, கேட்டதையே பத்து நிமிஷத்தில் மறுபடி கேட்பது, பணக்கணக்கு குழம்புவது, இவையெல்லாம் இருந்தால் அது வேறு பாதை. தைராய்டு, பி12 சத்துக் குறைவு, சர்க்கரை, குடி என்று எத்தனையோ காரணம் இருக்கலாம், டாக்டர் பார்க்க வேண்டும். வாழ்நாளில் எந்தச் சரிபார்ப்புப் பழக்கமும் இல்லாதவருக்கு ஐம்பது, அறுபது வயசுக்கு மேல் புதிதாக இது தொடங்கினாலும் சும்மா விடக்கூடாது. மூளை, நரம்பு சம்பந்தமாக ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள்.

இப்போது வீட்டாருக்கு. அந்த வடசேரி வீட்டம்மாவிடம் எனக்கு அனுதாபம் உண்டு. "அணைச்சீங்க, ரெண்டையும்தான்" என்று அவர் சொன்ன பதில் அந்த நிமிஷத்துக்கு ஐயாவின் பதற்றத்தைக் குறைத்தது. குறைத்ததால்தான் ஐயா மறுபடி கேட்டார். இப்படி உறுதி சொல்லிக்கொண்டே இருப்பதும், அவருக்காக நாமே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவதும் நோய்க்குப் போடுகிற சோறு. அதற்காக நாளைக்கே, "இனிமே நான் பதில் சொல்ல மாட்டேன், போ" என்று கத்தினால் வீடு சண்டைக்களம் ஆகும். அமைதியான ஒரு வேளையில் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்: கேட்டால் ஒரு தடவைதான் பதில். அதற்கு மேல் கேட்டால், "இது அந்தக் கேள்விதான், உங்களுக்கே தெரியும். வாங்க, போவோம்." கேலி வேண்டாம். அவருக்குத் தெரியும் இது அர்த்தமில்லாத பயம் என்று. பெரும்பாலோருக்குத் தெரிந்தேதான் இருக்கும். தெரிந்தும் நிறுத்த முடியாததுதான் அவமானம். அதில் நாலு பேர் முன்னால் சிரித்தால் மறைத்துச் செய்யத் தொடங்குவார்.

சிகிச்சை இருக்கிறது, நல்ல சிகிச்சையே இருக்கிறது. 1966-ல் லண்டனில் விக்டர் மேயர் என்பவர் இரண்டு நோயாளிகளுக்குச் செய்து காட்டியதிலிருந்து வளர்ந்தது அது. பயம் வருகிற காரியத்தைச் செய்ய வைப்பது, பிறகு வழக்கமான சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்குவது. பூட்டுங்கள், ஒரு தடவை இழுங்கள், நடந்துவிடுங்கள். சந்தேகம் கூடவே வரும், வரட்டும். 'பூட்டியிருப்பேன், பூட்டாமலும் இருந்திருக்கலாம்' என்ற அரைகுறை நிலையிலேயே பஸ் ஏற வேண்டும். பதற்றம் உச்சிக்குப் போகிற மாதிரி தோன்றும். திரும்பிப் போகாமல் இருந்தால் தானாக இறங்கும். அடுத்த நாள் அவ்வளவு ஏறாது. சொல்வது எளிது, லேசான நிலையில் இருப்பவர்கள் தாங்களே முயன்று பார்க்கலாம். முற்றிப்போனவர்கள் கைப்பிடித்துக் கூட்டிப்போக ஒரு சிகிச்சையாளர் வேண்டும். 'பூட்டினேன்' என்று ஏழு தடவை சத்தமாகச் சொல்லிக்கொள்வது, எண்ணிக்கொள்வது போன்ற குறுக்குவழிகளில் இறங்க வேண்டாம். அதுவே அடுத்த சடங்கு.

மருந்தும் உண்டு. ஃப்ளூவாக்ஸெட்டின், செர்ட்ராலின் வகை மருந்துகள். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற அளவைவிட இதற்குப் பெரும்பாலும் கூடுதல் அளவு தேவைப்படும், பலன் தெரிய 8 முதல் 12 வாரம்கூட ஆகும். இரண்டு வாரம் போட்டுவிட்டு 'ஒண்ணும் கேக்கல' என்று நிறுத்துகிறவர்கள்தான் நம்மிடம் அதிகம். நிறுத்துவதையும் டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற தூக்க மாத்திரை இந்த மருந்து அல்ல. பழக்கமாகிவிடுகிற சாமான் அது, அண்டவே விடாதீர்கள்.

எப்போது போக வேண்டும்? சரிபார்ப்பிலும் அது பற்றிய யோசனையிலும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால், அல்லது வேலை, படிப்பு, கல்யாணம் காட்சி எதுவாவது அதனால் தப்பிப்போனால். நாகர்கோவில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 2022 அக்டோபர் 10 முதல் நடக்கிற டெலி மனஸ் 14416 எண்ணில் ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. சிக்கலாகிப்போனவர்களுக்கு பெங்களூர் நிம்ஹான்ஸில் ஓ.சி.டி.க்கென்றே தனி கிளினிக் இருக்கிறது.

போகும்போது ஒரு துண்டுச்சீட்டு கொண்டுபோங்கள். 'ஞாபகமறதி' என்று எழுத வேண்டாம். எதைச் சரிபார்க்கிறார், ஒரு நாளில் ஏறத்தாழ எத்தனை நிமிஷம் போகிறது, எந்த வயதில் தொடங்கியது, வீட்டில் யாரிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார், இதனால் எங்கெங்கே போகாமல் விட்டார், பைக் ஓட்டும்போது திரும்பிப் போகிறாரா, இதுவரை என்னென்ன மாத்திரை, லேகியம் சாப்பிட்டார் என்று எழுதுங்கள். எழுதினதைச் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தால் போதும்.